புரியாத மொழியில் நடக்கும் வழக்கு யாருடைய வழக்கு?

தீர்ப்பு நாள். ஆறு ஆண்டுகளாக வாய்தா வாய்தாவாக அலைந்த ஒரு தாய், வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைய கூலியை விட்டுவிட்டு முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார். ஊர்த் தெருவில் பைக்கை விட்டு இறங்காமல் ஓட்டிப் போனான் என்பதற்காக அவருடைய மகனின் கையை உடைத்த வழக்கு அது. நீதிபதி தாழ்ந்த குரலில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் வாசித்தார். அரசு வழக்கறிஞர் கட்டை மூடிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். அந்தத் தாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

உள்ளே இடமில்லாததால் நாங்கள் வராந்தாவில் நின்றிருந்தோம். வெளியே வந்தவரிடம் கேட்டோம், "என்னம்மா சொன்னாங்க?"

"அவனுங்க சிரிச்சானுங்க. அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன்."

சொந்த வழக்கின் தீர்ப்பை, மகனை அடித்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு தாய் தெரிந்துகொள்ள முடிகிறது என்றால், அந்த வழக்கு யாருடையது? 'திறந்த நீதிமன்றம்' என்று சட்டம் பெருமையாகச் சொல்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. மொழி மூடியிருந்தது.

நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் சமூகப் பணியாளர்கள். இதை யாரும் எங்களுக்குத் தயவாகக் கொடுக்கவில்லை. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டோரின் உரிமை என்று வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 15அ(12) பிரிவே சொல்கிறது. அந்த உரிமையின் பேரில்தான் பணம் கட்டித் தீர்ப்பு நகலை வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தாயின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவருக்கும் மகனுக்கும் வரிவரியாகத் தமிழில் சொன்னோம். சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கே விளங்கியது: அந்த வழக்கை ஐந்தாறு ஆங்கிலச் சொற்கள் கொன்றிருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் அவர்களுக்கு முன்கூட்டி விளக்கியிருக்கவில்லை.

முதல் சொல்: இம்ப்ரூவ்மென்ட்

பள்ளிக்கூடத்தில் இம்ப்ரூவ்மென்ட் என்றால் முன்னேற்றம். நீதிமன்றத்தில் அது ஒரு குற்றச்சாட்டு. காவல்துறை விசாரணையில் சொல்லாததைக் கூண்டில் ஏறிப் புதிதாகச் சேர்த்துச் சொல்கிறார் என்று பொருள்.

அந்த இளைஞர் கூண்டில் நின்று, தன்னை யார் எந்தச் சாதிச் சொல்லால் திட்டினார் என்று ஒவ்வொருவர் பெயரோடும் சொன்னார். உடனே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் இது இல்லையே என்றார். உண்மைதான், இல்லை. ஏன் இல்லை? எழுதியது அவர் அல்ல. '161 ஸ்டேட்மென்ட்' என்று வழக்குமன்றத்தில் எல்லோரும் சொல்லும் அந்த வாக்குமூலத்தைக் காவலர் எழுதுகிறார். அதில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பது சட்டம். எத்தனையோ வாக்குமூலங்களைப் பார்த்துவிட்டோம், எல்லாவற்றிலும் ஒரே வரி: 'சாதிப் பெயரைச் சொல்லி ஆபாசமாகத் திட்டி'. யார் திட்டினார், என்ன சொல்லித் திட்டினார் என்பது இருக்காது. காவலரின் சோம்பேறித்தனம் அல்லது சாதிப் பாசம், ஆறு ஆண்டுகள் கழித்து நம் பிள்ளையின் பொய்யாக மாறிவிடுகிறது. தீர்ப்பில் அதற்குப் பெயர் இம்ப்ரூவ்மென்ட்.

வாய்மொழியாகக் கொடுக்கும் புகாரை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். அதைச் செய்யாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்குத் தண்டனையும் உண்டு என்கிறது நம் சட்டத்தின் 4ஆம் பிரிவு. எத்தனை காவல் நிலையங்களில் படித்துக் காட்டுகிறார்கள்? "போடும்மா கையெழுத்த, பஸ்ஸு போயிடப் போகுது" என்பதுதான் நாங்கள் கேட்ட வாசிப்பு.

இரண்டாம் சொல்: சஜஷன்

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு தன் கதையைச் சாட்சியின் முன்வைத்து, அதை ஒப்புக்கொள் அல்லது மறு என்று கேட்கும். அதுதான் சஜஷன். தட்டச்சில் அது ஒரு விசித்திரமான தமிழாக இறங்கும்: 'இழப்பீட்டுத் தொகைக்காக நான் பொய்ப்புகார் கொடுத்துள்ளேன் என்றால் சரியல்ல.' மறுத்ததைத்தான் அப்படி எழுதுவார்கள். இதை முதன்முறையாகப் படிக்கக் கேட்ட ஒரு பெண், "நான் பொய்ப்புகார் குடுத்ததா எழுதிட்டாங்களே" என்று நீதிமன்ற வாசலிலேயே அழுதிருக்கிறார்.

மறுத்தால் பரவாயில்லை. மறுக்கத் தெரியாவிட்டால்? அந்தத் தாயிடம் கேட்ட கேள்வி இது: "ஊர்த் தெருவுல நடந்ததை நீ நேர்ல பாக்கல, மத்தவங்க சொல்லித்தான் உனக்குத் தெரியும். நைட்டு உன் வீட்டுக்கு யாரும் வரவும் இல்ல. அப்படித்தானே?" அவர் சொன்ன பதில், "சரிங்கய்யா."

ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள். முதலாவது உண்மை, இரண்டாவது பொய். நம் தாய்மார்களின் வாயில் 'சரிங்கய்யா' என்றால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பொருளா? 'நீங்கள் பேசுவது காதில் விழுந்தது' என்று பொருள். பண்ணையார் முன்னால் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்று பழகிய சொல் அது. எதிர்த்துப் பேசினால் அடி விழும் என்று கற்றுக்கொடுத்த அதே சாதி, நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டு நின்று அந்தச் சொல்லையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறது. அன்று இரவு வீட்டு வாசலில் வந்து மிரட்டியவர்களை அவர் தன் கண்ணால் பார்த்தவர். தீர்ப்பில் அவர் 'ஹியர்சே' சாட்சி, அதாவது கேள்விப்பட்டதைச் சொல்பவர்.

இதைச் சரிசெய்யச் சட்டத்தில் வழி இருந்தது. குறுக்கு விசாரணை முடிந்ததும் அரசு வழக்கறிஞர் எழுந்து மறுவிசாரணை செய்திருக்கலாம். "இரவு உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் கேட்கவில்லை. கேட்கச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது.

மூன்றாம் சொல்: பப்ளிக் வியூ

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் அது 'எனி பிளேஸ் விதின் பப்ளிக் வியூ' என்ற சொற்களுக்குள் வர வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட எந்த இடமும் என்பது அதன் பொருள். பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் வெளியாட்கள் இருந்தால் குற்றம்தான். ஆனால் அந்த வெளியாட்கள் வெறும் உறவினரோ நண்பரோ மட்டுமாக இருக்கக் கூடாது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கிலும் இதே அளவுகோல் வந்தது.

தில்லியில் உட்கார்ந்து படித்தால் இது நியாயமாகத் தெரியலாம். எங்கள் சேரிக்கு வந்து பாருங்கள். ஐம்பது வீடு என்றால் ஐம்பதும் மாமன், மச்சான், சித்தப்பன் வீடுதான். ஊருக்கு வெளியே எங்களை ஒரே இடத்தில் அடைத்துவைத்தது யார்? அந்தத் தெருவில் நின்று கத்தினால் கேட்பவர் எல்லோரும் உறவினராகத்தான் இருப்பார்கள். சாதி எங்களை ஒதுக்கி வைத்தது. ஒதுங்கி இருப்பதாலேயே எங்கள் தெரு 'பப்ளிக்' இல்லை என்கிறது தீர்ப்பு. அப்படியானால் பொதுமக்கள் என்பவர்கள் ஊர்த் தெருவில் மட்டும்தான் இருக்கிறார்களா?

இதன் உடன்பிறப்பு 'இன்டரஸ்டட் விட்னஸ்' என்ற சொல். வழக்கில் அக்கறை உள்ள சாட்சி என்று பொருள். நம்ப முடியாத சாட்சி என்று பயன்பாடு. உறவினர் என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியைத் தள்ளக் கூடாது, உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிட நெருங்கிய உறவினர் விரும்ப மாட்டார் என்று 1953இலேயே தலீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தச் சொல் நம் சாட்சிகளின் கழுத்தில் தொங்குகிறது.

நான்காம் சொல்: ஹாஸ்டைல்

பயந்துபோய்ப் பின்வாங்கும் சாட்சியை ஹாஸ்டைல் என்கிறார்கள். தமிழில் பிறழ்சாட்சி. பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது. தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றுதான் 154ஆம் பிரிவு சொன்னது. அது இப்போது புதிய சட்டத்தில் 157ஆம் பிரிவு. சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்பதற்காக அவர் சொன்னதை முழுவதும் தூக்கி எறியத் தேவையில்லை என்று 1975இல் சத் பால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

ஆனால் எங்கள் குடும்பங்களிடம் என்ன சொல்லப்படுகிறது? "உங்க சாட்சி ஹாஸ்டைல் ஆயிட்டான், கேஸ் போச்சு, பேசி முடிச்சுக்கோங்க." கேஸ் போகவில்லை. கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். இருந்தும் கண்காணிப்புக் கேமரா பதிவு உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஒரு தாயின் விடாப்பிடியும், அக்கறையுள்ள அரசு வழக்கறிஞரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. 'ஹாஸ்டைல்' என்ற சொல்லின் பொருள் தெரியாததாலேயே சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்ட குடும்பங்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பகை யாரிடம் இருந்தது? ஊர்க்காரர் நிலத்தில் கூலிக்குப் போகும் சாட்சியிடமா, "நாளைக்கு எங்க வேலைக்குப் போவ?" என்று அவரிடம் கேட்டவரிடமா?

கடைசிச் சொல்: பெனிஃபிட் ஆஃப் டவுட்

கை எலும்பு முறிந்ததற்கு எக்ஸ்ரே இருந்தது. "வண்டியிலிருந்து விழுந்தாலும் இப்படிக் காயம் ஏற்படலாமா?" என்று மருத்துவரிடம் கேட்டார்கள். "ஏற்படலாம்" என்றார். இம்ப்ரூவ்மென்ட், ஹியர்சே, இன்டரஸ்டட், ஹாஸ்டைல் எல்லாம் கூடி ஒரு சந்தேகம் உருவானது. சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்குப் போனது. பலன் என்றாலே அது ஊர்ப்பக்கம்தான் போகும்போல.

இந்தக் கோட்பாட்டையே நாங்கள் எதிர்க்கவில்லை. பொய் வழக்கில் சிறைக்குப் போகிறவர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். எங்கள் கேள்வி வேறு. இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? காவலர் எழுதாமல் விட்டதிலிருந்து, அரசு வழக்கறிஞர் கேட்காமல் விட்டதிலிருந்து, சாட்சிக்கு யாரும் சொல்லாமல் விட்டதிலிருந்து. அரசு செய்த தவறுகளைக் கூட்டிக் கழித்து, மீதியை எங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் நிலவுடைமையாளர்களை விடுவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. எரிந்த சேரியில் எத்தனை பேரால் அதைப் படித்திருக்க முடியும்?

நீதிமன்றத்துக்கே வராமல் செத்துப்போகும் வழக்குகள் தனிக்கதை. 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று எழுதிக் காவல்துறை புகாரை முடித்துவிடும். பிறகு 'ஆர்.சி.எஸ். நோட்டீஸ்' என்ற ஒரு தாள் வரும். "கோர்ட்டுல இருந்து வந்திருக்கு, வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடு" என்பார்கள். சம்மன் என்று நினைத்து ரேஷன் கார்டோடு பத்திரமாகப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். உண்மையில் அது சம்மன் அல்ல. உன் வழக்கை முடிக்கப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் நீதிமன்றத்தில் சொல் என்று கேட்கும் தாள். இப்படி அறிவிப்புக் கொடுத்துக் கேட்ட பிறகே முடிக்க வேண்டும் என்பது 1985இல் பகவந்த் சிங் வழக்கில் பெற்ற உரிமை. உரிமை ஆங்கிலத்தில் வந்ததால் அது உரிமை என்றே தெரியாமல் போனது.

சட்டம் யாருக்கு மொழிபெயர்க்கிறது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் 279, இப்போது 314. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். கேட்டால், இயலுமானவரை அவருடைய மொழியிலேயே மொழிபெயர்ப்பும் உண்டு. பழைய சட்டத்தில் 363, இப்போது 404. இது சரியான ஏற்பாடு. இதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு? பணம் கட்டி நகல் வாங்கலாம். மொழிபெயர்ப்பைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் நம் கையில் இருக்கிறது. ஜாமீன் உட்பட ஒவ்வொரு நடவடிக்கையையும் உரிய நேரத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 15அ(3). ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை என எதிலும் அவர் தன் தரப்பைச் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம் என்கிறது 15அ(5). இவை கட்டாயம் பின்பற்ற வேண்டியவை என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நாங்கள் கேட்கிறோம்: புரியாத மொழியில் தெரிவிப்பது தெரிவிப்பதா? என்ன நடக்கிறது என்றே விளங்காதவர் எதைச் சொல்வார், எதை எழுதிக் கொடுப்பார்? அந்தத் தாய்க்கு 14அ பிரிவின்படி மேல்முறையீடு செய்ய 90 நாள் இருந்தது. தீர்ப்பு நாளிலேயே அந்தக் கெடு ஓடத் தொடங்கியதை அவரிடம் யார் சொன்னார்கள்?

தமிழ் வந்தால் மட்டும் தீருமா?

இங்கே சிலர் உடனே கையைத் தூக்குவார்கள்: "அதனால்தான் சொல்கிறோம், தமிழே வழக்காடு மொழி ஆக வேண்டும்." ஆகட்டும். இராசஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்குக் கிடைத்த அனுமதி தமிழுக்கு ஏன் இல்லை என்று நாங்களும் கேட்கிறோம். ஆனால் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க வேண்டும் என்று 1976இலேயே ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. அந்தத் தாயின் தீர்ப்பு எந்த மொழியில் வந்தது? மேடையில் தமிழ் முழங்குகிறவர்கள் ஒரு நாளாவது சிறப்பு நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களா?

ஆங்கிலம் எங்களுக்குப் பகை மொழியும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் கற்ற அந்த மொழியில்தான் இந்த நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதினார். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரு மக்களுக்கும் ஒரு நீதிமன்றத்துக்கும் நடுவில் நிற்கும் ஆள் எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும், ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுத வேண்டும். எங்கள் தாய்மார்களுக்கு அது தமிழில் சொல்லப்பட வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கைதான்.

வாய்தா, வக்காலத்து, ஜாமீன், அமீனா, மகஜர் எல்லாம் தமிழா? எந்தப் பாட்டியும் கேட்பதில்லை. புழங்கிப் புழங்கி நம் சொல்லாகிவிட்டன. பிறழ்சாட்சி என்று தூய தமிழில் சொன்னாலும் விளக்காவிட்டால் அதுவும் ஆங்கிலம்தான். இப்போது சட்டங்களின் பெயரையே பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று மாற்றி, காலனிய அடிமைத்தனம் ஒழிந்தது என்கிறார்கள். எங்கள் சேரியில் அதை உச்சரிக்கவே முடியவில்லை. எசமானின் மொழி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சொல் அந்நியமா என்பதல்ல, அதன் பொருளை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. வேதம் காதில் விழக்கூடாது என்றார்கள் அன்று. இன்று காதில் விழுகிறது, விளங்கத்தான் கூடாது.

நாங்கள் கேட்பது

1. ஒவ்வொரு சிறப்பு நீதிமன்றத்திலும் பாதிக்கப்பட்டோருக்கு விளக்கிச் சொல்ல ஒரு பணியாளர் வேண்டும். ஒவ்வொரு வாய்தாவின் முடிவிலும் என்ன நடந்தது, அடுத்து என்ன என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. சாட்சி கூண்டேறும் முன், முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, சஜஷன் என்றால் என்ன என்று அரசு வழக்கறிஞர் விளக்க வேண்டும். இது சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அல்ல, நடைமுறையைச் சொல்வது.

3. தீர்ப்பின் முடிவையும் மேல்முறையீட்டுக் கெடுவையும் நீதிபதி அன்றே தமிழில் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் தமிழ் நகல் இலவசமாக வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையே தமிழாக்கி வெளியிடும் காலத்தில், இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

4. நடவடிக்கைகளை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 15அ(10). அதைச் செய்தால் 'சரிங்கய்யா' எந்தக் குரலில் சொல்லப்பட்டது என்று மேல் நீதிமன்றமாவது பார்க்கும்.

5. ஆர்.சி.எஸ். நோட்டீஸின் முதல் வரியில் பெரிய எழுத்தில் 'உங்கள் வழக்கை முடிக்கப்போகிறோம்' என்று தமிழில் அச்சிட வேண்டும்.

இவை வரும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. தோழர்களே, உங்கள் தெருவில் சட்டம் படித்த ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், மாதம் ஒரு ஞாயிறு திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கூண்டில் கேள்வி விளங்காவிட்டால் "புரியலைங்கய்யா, ஒவ்வொண்ணா கேளுங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல சாட்சிக்கு உரிமை உண்டு.

அந்தத் தாய் மேல்முறையீட்டு மனுவில் கைநாட்டு வைக்கும் முன் எங்களிடம் கேட்டார்: "இதுல என்ன எழுதியிருக்கு? முழுசாப் படி." ஏழு பக்கத்தையும் படித்தோம். நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டார். ஓரிடத்தில் "நான் அப்படிச் சொல்லலியே" என்றார். வழக்கறிஞரிடம் பேசி அந்த வரியைத் திருத்தினோம். ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அது அவருடைய வழக்காக இருந்தது.

ஜெய்பீம்.